மூன்றும் ஒன்றுதான்

எங்கள் சுவைக்கூடத்தில் பெண்களுக்கென்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது, கைக்குக் கிரீம் கூடாது, சென்ட் கூடவே கூடாது. தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும், அதனால் இந்தக் கட்டுப்பாடு. நியாயம்தான். ஆனால் காலையில் கதவருகே நிறுத்தி மோந்து பார்க்கப்படுகிற ஒரே ஆள் நான். மூக்கு சார் என் பக்கமாக ஒரு முறை காற்றை இழுப்பார், தலையை ஆட்டுவார், அதற்கப்புறம்தான் நான் உள்ளே போகலாம். அவருடைய மச்சான் அதற்குள் உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்திருப்பார். அவரை யாரும் மோந்து பார்த்து நான் கண்டதில்லை.

மூக்கு சார் என்பவர் தேயிலை இறக்குமதி செய்கிற எங்கள் கம்பெனியின் தலைமைச் சுவைப்பாளர். தன் மூக்கின் அருமை பெருமைகளை அவரே ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் மூக்கு. இரண்டாவது சுவைப்பாளர் அவர் மனைவியின் தம்பி. அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறார், அத்தான் காரில் வருகிறார், அத்தான் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார். அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தது நான். அந்தக் கம்பெனியில் நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மற்றபடி நான் தேநீர் வடிக்கிறவள். இலையை நிறுத்து, நீரைக் கொதிக்கவைத்து, ஊற்றி, மூடி, வடித்து அவர்கள் முன்னால் வைப்பேன். அவர்கள் உறிஞ்சுவார்கள், வாய்க்குள் உருட்டுவார்கள், துப்புவார்கள், மார்க் போடுவார்கள். துப்பின பாத்திரத்தை நான் கழுவுவேன்.

நாங்கள் வாங்குவது பெரும்பாலும் தைவானில் உயரமான மலைத் தோட்டங்களில் விளைகிற ஊலாங் வகைத் தேயிலை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கரும்பச்சையாக, கெட்டியாக உருட்டிய இலை. கொதிநீர் பட்டதும் ஒவ்வோர் உருண்டையும் சோம்பல் முறித்து விரியும். கடைசியில் பார்த்தால் காம்போடு முழு இலையாகக் கோப்பையை அடைத்துக்கொண்டு நிற்கும். நல்ல சரக்காக இருந்தால் மூடியைத் திறந்ததும் பூவா வெண்ணெயா என்று சொல்லத் தெரியாத ஒரு வாசனை வரும். இனிப்பு உடனே தெரியாது, விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து மேலே ஏறி வரும். வீட்டில் குடிப்பவர்கள் சின்னக் குடுவையில் இலையைப் போட்டு, சட்டென்று வடித்து, அதே இலைக்குத் திரும்பத் திரும்ப நீர் விட்டுச் செல்லமாகக் குடிப்பார்கள். சுவைக்கூடத்தில் அந்தச் செல்லமெல்லாம் நடக்காது. வெள்ளைப் பீங்கானில் தளதளவென்று கொதிக்கிற நீரை ஊற்றி, மூடி, இலை போதும் போதும் என்று கதறும்வரை ஊறவிடுவோம். அப்போதுதான் அது தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும். போலீஸ் ஸ்டேஷன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. கோப்பையைத் துணியால் துடைக்கக் கூடாது. எவ்வளவு துவைத்த துணியிலும் ஏதாவது ஒரு வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும், பீங்கான் சூடானதும் அது வெளியே வந்துவிடும். அதனால் வெந்நீரில் அலசிக் கம்பித் தட்டில் கவிழ்த்து வைக்கவேண்டும், தானாகக் காயவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு கோப்பையைத் துடைத்துவிட்டேன். அதற்காக மூக்கு சார் என்னை நிற்கவைத்து, "இது என்ன உங்க வீட்டு அடுப்படியா?" என்று ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டு நேரம்வரை திட்டினார். ஆமாஞ்சாமி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்.

கம்பெனியை நடத்துகிற முதலாளியம்மாவுக்கு மூன்றாவதாக ஒரு நாக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. காரணம் இருந்தது. இவர்கள் இருவரும் சேர்ந்து 'பிரமாதம்' என்று ஒப்புக்கொண்ட சரக்கை வாடிக்கையாளர்கள் முகம் சுளித்துத் திருப்பி அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். ஆள் எடுக்க விளம்பரம் கொடுத்தார்கள். பரீட்சை வைக்கிற பொறுப்பு மூக்கு சாரிடம் போனது. பாலுக்குப் பூனை காவல்.

அவருடைய பரீட்சையின் கடைசிக் கட்டம் மூன்று கோப்பை. இரண்டில் ஒரே தேநீர், ஒன்றில் வேறு, அந்த வேறு எது என்று கண்டுபிடிக்கவேண்டும். உலகத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான். இவர் மட்டும் மூன்றிலும் ஒரே தேநீரை ஊற்றச் சொல்வார். "பயப்படாம 'மூணும் ஒண்ணுதான்'னு சொல்றவன்தான் சுவைப்பாளன்" என்று அதற்கு ஒரு தத்துவம் வைத்திருந்தார். சரி, இருக்கட்டும். ஆனால் ஆண்கள் வந்தால், "வித்தியாசம் ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். பெண்கள் வந்தால், "இதுல எது வேற, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பார். அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் ஏதோ ஒன்றைக் கைகாட்டத்தான் செய்வார்கள். அந்தப் பெண்கள் தலை குனிந்து வெளியே போனதும் மச்சானைப் பார்த்துச் சிரிப்பார். "பொம்பளைங்களுக்கே சந்தேகப் புத்தி மாப்ளே. இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரி தோணும்." ஆமாஞ்சாமி, "ஆமா அத்தான்" என்பார். நான் பக்கத்தில் நின்று கோப்பைகளை அலசிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கோபத்தில் ஒரு மூடியை உடைத்தேன். கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

இந்தப் பரீட்சைக்குத்தான் என் நாத்தனார் மனு போட்டாள்.

என் கணவரின் தங்கை அவள். எதைக் கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள் என்பதால் சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவளுக்கு எலி என்று பெயர். வேலை பார்த்த பேக்கரியை மூடிவிட்டார்கள், எங்களோடு வந்து தங்கிவிட்டாள். ஒரு அடுப்படியில் இரண்டு பெண்கள், அதில் ஒருத்தி எலி என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். "அண்ணி, இந்தப் பால் சாயங்காலம் திரிஞ்சிடும்" என்பாள். திரியும். "அண்ணி, ஃப்ரிட்ஜுல வெங்காயத்தைத் திறந்து வெச்சிட்டீங்க" என்று படுக்கையறையிலிருந்து குரல் கொடுப்பாள். வெங்காயம் திறந்துதான் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை கிடைத்தால் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று அவள் சொன்னபோது, என் பக்கத்திலிருந்தும் ஒரு வேண்டுதல் கிளம்பியது உண்மை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. வடித்து மீந்த தேநீரை நான் ஃபிளாஸ்கில் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது குளிர்காலத்துல பறிச்சதா அண்ணி? போன தடவை கொண்டுவந்ததைவிடக் கெட்டியா இருக்கு" என்பாள். சரியாகச் சொல்வாள். அந்த மூன்றாவது நாற்காலி அவளுக்காகவே செய்த மாதிரி எனக்குத் தோன்றியது. அதில் அவளை உட்காரவிடாமல் செய்ய ஒரு பொறி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தால் என் காது சுட்டது.

பரீட்சைக்கு முந்தின நாள் மாலை காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"ஏய் எலி, நாளைக்குக் கடைசியில மூணு கோப்பை வைப்பாங்க. எது வேறன்னு கேப்பாங்க. மூணும் ஒண்ணுதான். வேற எதையும் உளறாதே. மூணும் ஒண்ணுன்னு சொல்லிட்டு வாயை மூடிக்க."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன் அண்ணி சொன்னீங்க? அப்புறம் நான் குடிக்கிறது எதுக்கு?"

"வேலை கிடைக்கிறதுக்கு."

"எனக்கே கண்டுபிடிக்கத் தெரியும்."

"தெரியும்டி. உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அந்த ஆளுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இந்தப் பரீட்சையே."

இது தப்பா? தப்புதான். வினாத்தாளை வெளியே சொன்ன குற்றம். ஆனால் பொறி வைக்கிறவனைவிடப் பொறி இருக்கிற இடத்தைக் காட்டுகிறவள் பெரிய குற்றவாளி என்று யாராவது சொன்னால், அவர்களோடு சண்டை போட நான் இன்றைக்கும் தயார்.

பரீட்சை அன்று முதலாளியம்மாவே வந்து உட்கார்ந்தார். அவர் காபி குடிக்கிறவர், சுவைக்கூடத்துப் பக்கம் வருகிறதே அபூர்வம். அவர் வந்ததும் மூக்கு சாருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு. வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார், ஜன்னலைச் சாத்தினார், திறந்தார், என்னைப் பார்த்து எதற்கோ உச்சுக்கொட்டினார்.

முதல் சுற்றுகளில் எலி வெளுத்து வாங்கினாள். கீழ்த் தோட்டத்து இலையைத் தனியாக எடுத்து வைத்தாள். வறுவல் கூடினதைச் சொன்னாள். வசந்தகாலத்துப் பறிப்பையும் குளிர்காலத்துப் பறிப்பையும் மூடியை மோந்தே பிரித்தாள். முதலாளியம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்கு சார் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்றுக்கு எலியை வெளியே போகச் சொன்னார்கள். நான் பெரிய குடுவையில் இலையைப் போட்டேன். ஒரே குடுவையில் ஊறவைத்து அதையே மூன்று கோப்பைகளிலும் ஊற்றவேண்டும். கெட்டில் கொதிக்கப்போகும் நேரம், அதன் சத்தத்தில்தான் என் காது. கம்பித் தட்டிலிருந்து மூக்கு சார் மூன்று கோப்பைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. கடைசிக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதலாளியம்மா எதிரே ஒரு சொட்டு நீர் இருந்தால்கூட அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஏதோ வெள்ளையாக ஒன்று அசைந்தது. அதற்குள் கெட்டில் கொதித்துவிட்டது, நான் திரும்பிக்கொண்டேன்.

ஊறி முடித்ததும் வடித்து மூன்றிலும் ஊற்றினேன். மூக்கு சாரும் ஆமாஞ்சாமியும் கரண்டியால் ஆளுக்கு மூன்று முறை உறிஞ்சினார்கள், துப்பினார்கள்.

"மூணும் ஒண்ணுதான் மேடம். நாங்க சரிபார்த்துட்டோம்" என்றார் மூக்கு சார்.

"ஒண்ணுதான்" என்றார் ஆமாஞ்சாமி.

எலியை உள்ளே கூப்பிட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வியை மூக்கு சார் வழக்கம்போலக் கேட்டார். "இதுல எது வேற, சொல்லுங்க பார்ப்போம்."

அவள் முதல் கோப்பையில் ஒரு கரண்டி எடுத்தாள். உறிஞ்சும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இரண்டாவது. மூன்றாவது. மறுபடி முதலாவதுக்கு வந்தாள். மறுபடி மூன்றாவதுக்குப் போய், குடிக்காமல் குனிந்து மோந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் கண்ணை உருட்டினேன். சொல்லித் தொலையேன்டி, மூணும் ஒண்ணுன்னு.

"மூணாவது வேற" என்றாள்.

கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லி அனுப்பினேனே! ஒரே ஒரு வாக்கியம், அதைச் சொல்ல நோவா? அங்கேயே அவள் மண்டையில் ஒரு குட்டு வைக்கவேண்டும் போல் இருந்தது. மூக்கு சார் முகத்தில் அந்தச் சிரிப்பு மெல்லப் பரவியது. மற்றப் பெண்கள் போனதும் சிரிப்பாரே, அதே சிரிப்பு. இவளுக்கு மட்டும் முகத்துக்கு நேராகவே கிடைத்தது.

"பாத்தீங்களா மேடம்? மூணும் ஒரே குடுவையில வடிச்சது. நல்ல பொண்ணுதான், ஆனா இல்லாததை இருக்குன்னு சொல்ற புத்தி. இந்த வேலைக்கு அது ஆகாது."

"தேயிலை வேற இல்ல சார்" என்றாள் எலி. "தேயிலை மூணும் ஒண்ணுதான். மூணாவதுல துணி வாசனை இருக்கு."

"துணியா?"

"துவைச்ச துணி. கடைசியா அலசறப்ப மணக்கறதுக்கு ஒண்ணு ஊத்துவாங்களே, அது. நீலமா இருக்கும்."

"நீலமா ஒரு வாசனையா!" என்றார் ஆமாஞ்சாமி. இருவரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெட்டில் கொதிக்கிற நேரத்தில் ஓரக்கண்ணில் வெள்ளையாக அசைந்தது என்ன என்று இப்போது தெரிந்துவிட்டது. எலிமேல் இருந்த கோபம் அத்தனையும் அப்படியே திரும்பி வேறு பக்கம் பாய்ந்தது.

"மேடம், அந்தக் கோப்பையை சார் தன் கைக்குட்டையால துடைச்சாரு. நான் பார்த்தேன்."

அறையில் சிரிப்பு நின்றது. மூக்கு சார் என்னை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "துடைச்சிருப்பேன். ஒரு சொட்டுத் தண்ணி இருந்துது. அதனால என்ன? வாசனை இருந்தா எனக்குத் தெரியாதா? நாங்க ரெண்டு பேரும் குடிச்சுப் பார்த்தோம்ல?" பிறகு முதலாளியம்மா பக்கம் திரும்பி மிகப் பொறுமையாகச் சொன்னார். "மேடம், இந்தப் பொண்ணு இவங்க நாத்தனார். வேலிக்கு ஓணான் சாட்சி. வேற யார் வந்து சொல்லுவாங்க?"

"நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"நான் அப்படிச் சொல்லலம்மா. சொந்தபந்தம்னா கண்ணு எதையாவது பார்க்கத்தானே செய்யும்."

அத்தான் காரில் வந்து, அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தான் மார்க்கையே மார்க்காகப் போடுகிற மச்சானை ஒட்டிவைத்துக்கொண்டு அந்த மனுஷன் எனக்குச் சொந்தபந்தத்தைப் பற்றிச் சொல்கிறார்! நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் எலி முந்திக்கொண்டாள்.

"சார், சரியான பதில் 'மூணும் ஒண்ணு'ன்னு எனக்கு நேத்தே தெரியும்."

"என்னது?"

"அண்ணி சொல்லிட்டாங்க. மூணும் ஒண்ணுன்னு சொன்னா வேலை கிடைச்சிடும்னு தெரிஞ்சுதான் உள்ள வந்தேன். வேலை மட்டும் போதும்னா அதைச் சொல்லிட்டுப் போயிருப்பேன். மூணாவதுல துணி வாசனை இருக்கு சார். அதான் வேறன்னு சொன்னேன். அண்ணி பொய் சொல்லல."

அவள் சொல்லிமுடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே புரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த எலி தன் வாயால் அண்ணியைக் கெடுத்தாள்.

முதலாளியம்மா எழுந்து மேசைக்கு வந்தார். முதல் கோப்பையை எடுத்து மோந்தார், வைத்தார். மூன்றாவதை எடுத்தார். உடனே மூக்கைச் சுருக்கிக்கொண்டார். தேநீரே குடிக்காத அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க கைக்குட்டையைக் குடுங்க" என்றார்.

மூக்கு சார் கோட்டுக்குள் கையை விட்டு எடுத்தார். நாலாக மடித்த வெள்ளைக் கைக்குட்டை. எடுத்த உடனேயே என் நாசிக்கு வந்தது அந்த வாசனை, சலவைக்கடையைத் திறந்த மாதிரி. கொடுப்பதற்கு முன்னால் அவரே அதை முகத்தருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தார். நெற்றி சுருங்கியது. மறுபடி இழுத்தார்.

"இதுல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லையே" என்றார். மச்சானிடம் நீட்டினார். "நீ பாரு."

ஆமாஞ்சாமி முழு மூச்சையும் இழுத்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல அத்தான்."

அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரத்தைக் கிளப்பியது. பொய் சொல்லியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். ஒரே வீடு, ஒரே வாஷிங் மெஷின், ஒரே நீலத் திரவம். அந்த வாசனைக்குள்ளேயே தூங்கி, அதையே உடுத்தி, அதற்குள்ளேயே இரண்டு பேரும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அது அவர்களுக்கு வாசனையே இல்லை, காற்று. அந்தக் காற்றை வைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் கதவருகே நிறுத்தி என்னை மோந்திருக்கிறார் மூக்கு சார். வந்த பெண்களுக்கெல்லாம் சந்தேகப் புத்தி என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இவர் கைக்குட்டைக் கோப்பை கிடைத்ததோ, எத்தனை பேர் சரியாகச் சொல்லிவிட்டுத் தோற்றுப்போனார்களோ, யாருக்குத் தெரியும்? நானும்தான் அந்த வாசனையைப் பலமுறை உணர்ந்திருக்கிறேன். பூனைக்கு மணி கட்டத் துணியாமல் கோப்பை அலசிக்கொண்டிருந்தேன்.

முதலாளியம்மா கைக்குட்டையை மேசையில் வைத்தார். எலியைப் பார்த்து, "உனக்கு வேலை உண்டு. இன்னைக்கே உக்காரு, ஒரு சரக்கு முடிவுக்காகக் காத்திருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பரீட்சையை வெளிய சொன்னியாம்மா?"

"சொன்னேன் மேடம். அது பரீட்சை இல்ல, பொறி. ஆம்பளைங்ககிட்ட ஒரு மாதிரி கேப்பாரு, பொம்பளைங்ககிட்ட ஒரு மாதிரி கேப்பாரு. இப்ப நீங்களே கேட்டீங்களே."

"இருக்கலாம். ஆனா இந்த ரூம்ல நடக்கிறது வெளிய போகக்கூடாது. போனா அப்புறம் எதையும் நம்ப முடியாது. நாளையிலேருந்து வர வேண்டாம்."

நான் மூக்கு சாரைக் கைகாட்டினேன். "அவருக்கு?"

முதலாளியம்மா அவரை ஒரு முறை பார்த்தார். "அவர் இல்லாம இந்த ரூம் ஓடாதும்மா. உனக்குத் தெரியாததா?"

"கோப்பையைத் துணியால துடைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவர் அவரு. அவரே துடைச்சாரு. துடைச்ச வாசனை அவருக்கே தெரியல. அவர் இல்லாம ஓடாதா? சேர்ந்த புதுசுல ஒரு கோப்பையைத் துடைச்சதுக்கு என்னை அரை நாள் நிக்கவெச்சுத் திட்டினாரு மேடம்! கேளுங்க அவரை!"

யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஆமாஞ்சாமி முதல்முறையாக எதற்கும் தலையாட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏப்ரனை அவிழ்த்துக் கெட்டில் பக்கத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கதவை ஓங்கிச் சாத்தலாம் என்று பார்த்தால் அது மெதுவாகத் தானே மூடிக்கொள்கிற கதவு. அந்தத் திருப்திகூடக் கிடைக்கவில்லை.

எலி பின்னாலேயே ஓடிவந்தாள். படிக்கட்டு முனையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் கண்ணீர்.

"எனக்கும் வேண்டாம் அண்ணி. சொல்லிட்டு வந்துடறேன். வாங்க, சேர்ந்தே போகலாம்."

"என்ன சொன்ன?"

"நான்தானே உங்களை மாட்டிவிட்டேன். உங்களை ஓணான்னு சொன்னாரு, எனக்குத் தாங்கல, வாய்ல வந்துடுச்சு."

"ஆமா, நீதான் மாட்டிவிட்ட. ஒரு வார்த்தை சொல்லிட்டு வேலையை வாங்கிக்கடின்னு அனுப்பினா, அரிச்சந்திரனுக்குத் தங்கச்சி மாதிரி பேசிட்டு என் வேலையைக் காலி பண்ணிட்ட. இந்த ஜென்மத்துல உன்னை நான் மன்னிக்கப் போறதில்ல. சரியா? ஆனா நீ இப்ப அந்த நாற்காலியை விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன்னு வெச்சுக்க, காலை ஒடிச்சு அடுப்புல வெப்பேன்."

"அண்ணி..."

"நீயும் வெளிய வந்துட்டா உள்ள யாருடி இருக்கா? அதே ரெண்டு பேரு. நாளைக்கு வேற ஒருத்தி வருவா, மூணு கோப்பை வெப்பாங்க, அவளும் அழுதுகிட்டுப் போவா. இவங்க ரெண்டு பேரும் அவ முதுகுக்குப் பின்னால சிரிப்பாங்க. அதுக்கா என் வேலை போச்சு? என் வேலை போனதுக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா? போ. முகத்தைக் கழுவு. கழுவிட்டுத் துணியால துடைக்காதே, அப்படியே போ."

அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய் விட்டேன். அவள் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. சுவைக்கூடத்துக் காற்றுப்போக்கி படிக்கட்டுப் பக்கம்தான் இருக்கிறது, உள்ளே பேசுவது கேட்கும். முதலாளியம்மா, "சரி, வடிக்க ஆள் இல்ல. நீங்க வடிங்க" என்பது கேட்டது. யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு ஆமாஞ்சாமி, "நானா மேடம்?" என்றார். நாற்காலி நகர்ந்தது. பாத்திரங்கள் தாறுமாறாக உரசின. கம்பித் தட்டை எங்கே இடித்தாரோ, கோப்பைகள் கலகலத்தன. கெட்டில் முனக ஆரம்பித்தது. அது இன்னும் முனகல்தான், கொதி இல்லை, அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா? அந்த மனுஷன் அதற்குள் கெட்டிலைத் தூக்கிவிட்டார். ஊற்றுகிற சத்தம் கேட்டது. அரைகுறை வெந்நீரில் அந்த இலை வாயே திறக்காது, எல்லாக் குற்றத்தையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நல்லபிள்ளையாக உட்கார்ந்திருக்கும். பிரமாதம் என்று மார்க் போட்டுவிடுவார்கள். எனக்கு உள்ளே ஓடிப்போய்க் கெட்டிலைப் பிடுங்கவேண்டும் போல் கை பரபரத்தது.

"சார்" என்றாள் எலி. குரல் இன்னும் கொஞ்சம் கரகரத்தது. "தண்ணி கொதிக்கல. கீழ ஊத்திட்டு மறுபடி வைங்க."

கெட்டிலை டொக்கென்று மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"பரவாயில்ல, இதுவே போதும்" என்றது மூக்கு சாரின் குரல்.

"போதாது சார். புது இலை போட்டு, கொதிச்சதும் ஊத்தச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் கரண்டியைத் தொடமாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து நீரைத் தொட்டியில் கொட்டுகிற சத்தம் கேட்டது. கெட்டிலை மறுபடி வைக்கிற சத்தமும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் வருகிற அழுகை இல்லை, நான் இருக்கவேண்டிய அறையில் நான் இல்லாமல் என் வேலை சரியாக நடக்கிறதே என்கிற கோபத்தில் வருகிற அழுகை. மூக்கைச் சிந்திப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கொதி வருகிறவரைக்கும் அந்தப் படியிலேயே நின்றேன்.